கன்னியப்பன் வரிசை

"இது உங்க முத்திரைதான பெரியவரே?"

ரெஜினா அந்த ரேமை மேஜைமேல் வைக்கவில்லை, எறிந்தாள். அது சறுக்கிக்கொண்டு போய் டீ கிளாசில் முட்டி நின்றது.

கன்னியப்பன் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். விரல் நீளத்துக்குப் பச்சைப் பட்டை. ஒரு ஓரம் பூராவும் பொன்னிறப் பற்கள். நடுவில் மஞ்சள் ஸ்டிக்கர், அதில் கறுப்பு மையில் ஒரு 'க'.

"என்னுதுதான். அதுக்கு இன்னா இப்ப? கருவாடா அது, வீசி எறியறே?"

"ஒடம்புலேர்ந்து ரெண்டு லிட்டர் தண்ணி எடுன்னு டயாலிசிஸ் மெஷின்ல போட்டா மூணரை லிட்டர் எடுத்துடுச்சு. என் வீட்டுக்காரரு நாக்காலியிலயே மயக்கம் போட்டுச் சாஞ்சிட்டாரு. நெத்தியில நாலு தையல். இன்னான்னா கேக்கறீங்க?"

புதுப்பேட்டையில் அந்தச் சந்தில் முன்பு கார் உடைத்தார்கள். இப்போது கம்ப்யூட்டர் மெமரி, அதாவது ரேம், பிரிக்கிறார்கள். புது ரேம் கடைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. செய்கிறதெல்லாம், யோசிக்கிற இயந்திரங்களைக் குடிவைத்திருக்கிற பெரிய கூடங்களுக்கே போய்விடுகிறது. அவர்கள் மூன்று வருஷம் சக்கையாய்ப் பிழிந்துவிட்டுத் தூக்கிப் போடுவது கப்பலேறி, பழந்துணி மாதிரி மூட்டை மூட்டையாய் இங்கே வரும். ஜனங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரிலிருந்து டயாலிசிஸ் மெஷின் வரைக்கும் இதை வைத்துத்தான் ஓட வேண்டும். இதில் நல்லது எது, பொல்லாதது எது என்று பார்த்துச் சொல்கிறவன் டெஸ்டர். வீட்டில் டயாலிசிஸ் மெஷின் வைத்திருக்கிறவர்கள் ரேம் வாங்கும்போது ஒன்றுதான் கேட்பார்கள்: க இருக்கா?

இருந்தால் வாங்குவார்கள். காரணம், கன்னியப்பன் எவனையும் நம்பாதவர். விற்கிறவன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் டெஸ்ட் பண்ணாமல் பை அவிழாது. சொந்த மைத்துனன் கொண்டுவந்த சரக்கை அவன் கண்ணெதிரிலேயே பாதிக்கு மேல் திருப்பி அனுப்பினவர். மூன்றாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனுஷன், முப்பது வருஷமாய்த் தட்டித் தடவி, தானாகவே ஒரு டெஸ்ட் வைத்திருந்தார். பத்தொன்பது படி. ரேமுக்குள் இருக்கிற எந்த அறையில் எதை எழுத வேண்டும், எதை எப்போது திரும்பப் படிக்க வேண்டும், பிறகு எங்கே தாவ வேண்டும் என்று ஒரு வரிசை. அது ஓடும்போது திரைமேல் துண்டைப் போட்டு மூடிவிடுவார். பெண்டாட்டிக்குக்கூடச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

டெஸ்டில் தோற்ற ரேமை உடனே குப்பையில் போடமாட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற சாதாரண ரப்பரால் அந்தப் பொன் பற்களைப் பளபளவென்று தேய்த்து மறுபடி ஓட்டுவார். அப்போதும் தோற்றால் இன்னொரு தடவை. மூன்று வாய்ப்பு. பெரும்பாலும் இரண்டாவதில் தேறிவிடும். சந்தில் அவருக்கு 'ரப்பர் கன்னியப்பன்' என்று பேர். கிண்டலாய் வைத்த பேர்தான். அவர் அதைப் பட்டமாய் எடுத்துக்கொண்டார்.

"நில்லு. உன் கண்ணெதிர்ல ஓட்டிக் காட்டறேன்" என்று ரேமை டெஸ்ட் பெட்டியில் செருகி, திரைமேல் துண்டைப் போட்டார்.

"கண்ணெதிர்லன்னுட்டு மூடி வெக்கறீங்க."

"ரிசல்ட்டு மட்டும் பார்த்தா போதும் உனக்கு."

முப்பத்தைந்து நிமிஷம் அவள் உட்காரவே இல்லை. துண்டை எடுத்தபோது திரை பச்சையாய் இருந்தது.

"பார்த்துக்கோ. பாஸு."

"இது பாஸாயிடுச்சு. என் வீட்டுக்காரர்தான் ஃபெயிலாயிட்டாரு."

"மெஷினைப் பாரும்மா. கரண்ட்டைப் பாரு. அந்த மெக்கானிக் எவன், அவனைப் போய்ப் புடி. எல்லாத்துக்கும் நான்தான் கெடைச்சேனா?"

"அவரையும் வரச் சொல்லிக்கீறேன். ரெண்டு பேரும் என் முன்னாடி பேசிக்கங்க. இங்க போனா அங்க போன்றான், அங்க போனா இங்க போன்றான். என்னால முடியல."

மெக்கானிக் ஷாகுல் பத்து நிமிஷத்தில் வந்தார். வட சென்னையில் வீட்டுக்கு வீடு போய் டயாலிசிஸ் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவர். நாற்பத்தைந்து வயது, முதுகில் பை, முகத்தில் தூக்கமில்லாத எரிச்சல். வந்ததும் பையைத் திறந்து ஐந்து ரேமை வரிசையாய் வைத்தார். ஐந்திலும் மஞ்சள் ஸ்டிக்கர்.

"இந்த மாசம் தப்புப் பண்ண மெஷினு அஞ்சு, பெருசு. இந்தம்மாவோடது ஆறாவது. ஆறுலயும் உன் க."

"போலி ஸ்டிக்கரா இருக்கும்."

"உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? கோழி கிளறின மாதிரி வேற எவன் எழுதுவான்?"

"மத்தவன் சரக்கெல்லாம் யோக்கியமா பாய்? இவனுங்க யாராவது ஒழுங்கா டெஸ்ட் பண்றானுங்களா? நான் ஒருத்தன்தான் முப்பது வருஷமா ஒரு படி மாத்தாம பண்றேன்."

ஷாகுல் தன் ஐந்து ரேமில் ஒன்றை எடுத்துப் புரட்டினார்.

"ஒரு படி கூட மாத்தினதில்லையா?"

"எதுக்கு மாத்தணும்? சரியா இருக்கறதை எவனாவது மாத்துவானா?"

"இப்ப ஒரு தபா மாத்து. தலைகீழா ஓட்டு. பத்தொன்பதுலேர்ந்து ஒண்ணுக்கு வா."

கன்னியப்பனுக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் முனகினார். பிறகு, "ரெண்டு பேரும் தெருவைப் பார்த்துத் திரும்பி நில்லுங்க" என்றார். நாற்பது வயதுப் பெண்பிள்ளையும் நாற்பத்தைந்து வயது ஆண்பிள்ளையும், தண்டனை வாங்கின பிள்ளைகள் மாதிரி தெருவைப் பார்த்து நின்றார்கள். நான்காவது நிமிஷம் பெட்டி 'கீ' என்று கத்தியது. திரும்பிப் பார்த்தார்கள். துண்டுக்கு அடியிலிருந்து சிவப்பு கசிந்தது.

"பெட்டியில கோளாறு" என்றார் கன்னியப்பன்.

ஷாகுல் கொண்டுவந்த ஐந்தையும் போட்டார். ஐந்தும் சிவப்பு. அலமாரியைத் திறந்து, விற்பனைக்குத் தயாராய் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்த நாற்பத்திரண்டையும் எடுத்து நாலு நாலாய்ச் செருகினார். மத்தியானம் இரண்டு மணிக்குள் நாற்பத்திரண்டும் கத்திவிட்டன. யாரும் சாப்பிடப் போகவில்லை. கடைசி இரண்டும் கத்தியபோது அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரை திறந்தே கிடந்தது.

"எப்படி? காலையில பாஸு, மத்தியானம் ஃபெயிலா?"

"இதுங்க பழைய ரேம் இல்ல பெருசு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் துளியூண்டு மூளை வெச்சிருக்கான். கெட்டுப்போன அறையை மறைச்சு, அந்த எடத்துல ஸ்பேர்ல இருக்கற நல்ல அறையைக் காட்டும். அதான் அதோட வேலை. அந்தப் பெரிய கூடத்துல மாசாமாசம் டெஸ்டு. தோத்தா புடுங்கிக் கடாசிருவான். அதனால எந்த மூளை டெஸ்ட்டைப் பார்த்தா சுதாரிச்சுக்குமோ, அதுதான் தப்பிச்சுது. தப்பிச்சது இங்க வந்துது. இங்க வந்து உன் பெட்டியில ஏறுது. வித்துப்போவுது, திரும்பி வருது, மறுபடி ஏறுது. எப்பவும் அதே பத்தொன்பது படி. நீ அடுத்து எங்க போவேன்னு அதுக்குத் தெரியும். இருக்கற கொஞ்ச நல்ல அறையை உனக்கு முன்னாடி கொண்டுபோய் வெச்சிடும்."

"அப்ப ரப்பரு? தேய்ச்சா பாஸாவுதே?"

"தேய்க்கலைன்னாலும் பாஸாயிருக்கும். மொத தபா உன் வரிசையைப் பார்க்குது. ரெண்டாவது தபா தெரிஞ்சு வெச்சிக்குது. ரப்பர்காரனுக்குத்தான் லாபம்."

கன்னியப்பன் மேஜைமேல் கிடந்த ரப்பரை இழுப்பறைக்குள் தள்ளினார். எல்லோரையும் சந்தேகப்பட்டவர், தன் பெட்டிக்குள்ளேயே ஏமாந்திருக்கிறார். அந்தத் திருட்டு அவருக்குப் புதுசும் இல்லை. பதினேழு வயதில் ரேஷன் கடைகளுக்கு மூட்டை தூக்கினவர் அவர். இன்ஸ்பெக்டர் முன்வாசலில் நுழையும்போது, பின்வாசல் வழியாய் அதே பத்து மூட்டை அரிசி அடுத்த கடைக்குப் போகும். இன்ஸ்பெக்டர் எந்தத் தெருவுக்குப் பிறகு எந்தத் தெருவுக்குப் போவார் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். பத்து மூட்டை ஆறு கடையின் கணக்கைச் சரிகட்டும். அதைச் சுமந்து ஓடினது அவருடைய முதுகுதான்.

"இன்ஸ்பெக்டரு நான்" என்றார் வெறுப்பாக.

ரெஜினா இதற்கெல்லாம் காத்திருக்கிறவள் இல்லை. "உங்க கதை இருக்கட்டும். அவருக்கு நாளைக்கு டயாலிசிஸ். முந்தாநாள் மயக்கம் தெளிய உப்புத் தண்ணியைத் திரும்ப ஏத்தி, பாதியில நிறுத்திட்டோம். காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு, படுத்தா மூச்சு முட்டுது. நாளைக்கு எதைப் போட்டு ஓட்டறது?"

"பெரிய ஆஸ்பத்திரியில..." என்று இழுத்தார் கன்னியப்பன்.

"பதினோரு நாள் கழிச்சு வரச் சொல்றான். பதினோரு நாள் இவரு இருக்கணும்ல."

"வேற கடையில கேட்டுப் பாரு."

ஷாகுல் கையை விரித்தார். "அங்கயும் இதே மூட்டைதான் பெருசு. அதுங்க அந்தந்தக் கடைக்காரன் வரிசையைப் படிச்சிருக்கும்."

தெருவில் எவனோ தகரம் அடித்துக்கொண்டிருந்தான். கன்னியப்பன் அந்தச் சத்தத்தையும் ஒரு திட்டு திட்டினார். பிறகு ரெஜினாவின் ரேமைக் கையில் எடுத்து, முகத்துக்கு நேரே பிடித்து, ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"பாய். இன்ஸ்பெக்டரு நிக்கிற கடையில அரிசி இருக்குமா இருக்காதா?"

"எந்த அரிசி?"

"கேட்டதுக்குச் சொல்லு. அவரு உள்ள நிக்கிற வரைக்கும் அந்தக் கடையில மூட்டை நெஜமா இருக்கும்ல? அப்ப ஜனங்க அவரு பின்னாடியே போனா? அவரு எந்தக் கடையில நிக்கிறாரோ அங்கயே அரிசி வாங்கினா?"

ஷாகுலுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "டெஸ்ட்டை நிறுத்தாமலே மெஷினை ஓட்டச் சொல்றியா?"

"அதுக்குப் பரீட்சை முடிஞ்சுதுன்னு தெரியவே கூடாது. டெஸ்ட்டு எந்த அறையில நிக்குதோ, மெஷின் அந்த அறையில மட்டும் எழுதிக்கட்டும். டெஸ்ட்டு நகர்ந்தா மெஷினும் நகரட்டும்."

"நேரம் இழுக்கும். நாலு மணி நேர வேலைக்கு ஏழு மணி நேரம் ஆவும்." ஷாகுல் யோசித்தபடியே சொன்னார். "ஆனா ஓடும். ஓடத்தான் செய்யும். ஒண்ணு இருக்கு பெருசு. உன் பத்தொன்பது படியை மெஷினுக்குள்ள நான் போடணும். அதே வரிசை, ஒண்ணு பிசகக் கூடாது. உன் ஸ்டிக்கர் இருக்கற எல்லா வீட்டுக்கும் போடணும்."

"எத்தனை வீடு?"

"நானூறு இருக்கும்."

கன்னியப்பன் நாற்காலியில் சாய்ந்தார். நானூறு மெஷினில் ஏறினால் அது ஊருக்கே தெரிந்த மாதிரிதான். இந்தச் சந்தில் இருக்கிற ஒவ்வொரு பயலும் ஒரு வாரத்தில் அதை வைத்திருப்பான். அப்புறம் க என்ன, ங என்ன, எவன் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். தன் கையில் இருந்தது அந்த வரிசை ஒன்றுதான். வீடு, வாசல் என்று வேறெதுவும் அவர் சேர்த்ததில்லை.

"யோசிச்சுச் சொல்றேன். நாளைக்கு வாங்க."

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு அவருக்கு ஊசி குத்தணும்" என்றாள் ரெஜினா. குரலை உயர்த்தவில்லை. "நீங்க யோசிங்க. நான் இங்கயே நிக்கிறேன். தெருவைப் பார்த்து வேணா நிக்கிறேன்."

அவள் திரும்பி நின்றாள். கன்னியப்பன் அந்த முதுகைப் பார்த்தார். தையல் மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பக்கம் சரிந்த தோள். அவருக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

"பேனா எடு பாய்" என்றார். "ஒரே தபாதான் சொல்லுவேன்."

மூன்று தபா சொல்ல வேண்டியிருந்தது. ஏழாவது படியில் ஷாகுல் சந்தேகம் கேட்டார், பன்னிரண்டாவதில் சிரித்துவிட்டார். "இதுக்காடா முப்பது வருஷம் துண்டு போட்டு மூடினே" என்று அந்தச் சிரிப்பு சொல்லிற்று. கன்னியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு பதின்மூன்றாவது படியைச் சொன்னார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கே ராயபுரத்தில் ரெஜினாவின் வீட்டில் இருந்தார். யாரும் கூப்பிடவில்லை. ஷாகுல் சரியாய்ப் போட்டிருப்பார் என்று அவருக்கு நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான். மூன்றாவது மாடி, ஒற்றை அறை, ஜன்னலோரம் மெஷின். பக்கத்தில் சாய்வு நாற்காலியில் ரெஜினாவின் கணவர் அமலதாஸ். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த பெரிய உடம்பு, இப்போது தொளதொளவென்று ஊதிக் கிடந்தது. நெற்றியில் கட்டு.

"நீங்கதான் கன்னியப்பனா? என்னைக் கொல்லப் பார்த்த ஆளு?"

"இன்னும் ஒரு தபா பார்க்க வந்துக்கீறேன்" என்றார் கன்னியப்பன்.

அமலதாஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். ரெஜினா சிரிக்கவில்லை. ஊசியைக் குத்தினாள். மெஷின் ஓடியது. மூலையில் சின்னத் திரையில் பத்தொன்பது படியும் ஒன்றன்பின் ஒன்றாய்ப் போய், மறுபடி முதலிலிருந்து வந்தது. ஏழு மணி நேரம். ஒரு மணிக்கு முடிந்தபோது இரண்டு லிட்டர் எடுத்திருந்தது. ஒரு சொட்டுக் கூடவில்லை, குறையவில்லை. ரெஜினா நன்றி சொல்லவில்லை. இரண்டு மணிக்குத் தாம்பரத்தில் தையல் கம்பெனி ஷிப்ட். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போக வேண்டும். "நாலு மணி நேரத்துல முடிஞ்சாதான் எனக்கு வேலை. வாரத்துல மூணு நாள் லேட்டா போனா எவன் வெச்சிக்குவான்?" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

ஷாகுல் பதினெட்டு நாளில் நானூறு வீட்டையும் முடித்தார். எல்லா வீட்டிலும் மெஷின் ஒழுங்காய் ஓடியது. எல்லா வீட்டிலும் ஏழு மணி நேரம் என்று திட்டினார்கள். சந்தில் பத்தொன்பது படிக்கும் 'கன்னியப்பன் வரிசை' என்றே பேர் விழுந்துவிட்டது. அவர் கடைக்கு மட்டும் ஆள் வருவது நின்றது. மத்தியானத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ராயபுரத்துக்குப் போய்விடுவார். கேட்டால், மெஷினைப் பார்க்கப் போகிறேன் என்பார்.

ஆறாவது வாரம் ரெஜினா போன் செய்தாள்.

"பெரியவரே, இன்னிக்கு அஞ்சு மணி நேரத்துல முடிஞ்சிடுச்சு. போன தபா அஞ்சே முக்கால். இது நல்லதா கெட்டதா?"

"நல்லதா இருக்க வழியில்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்த முறை விடியற்காலையில் ஷாகுலையும் இழுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு நாலு மணி நேரத்தில் முடிந்தது. அளவு சுத்தமாய் இருந்தது. ஷாகுல் மெஷினுக்குள் பதிவானதையெல்லாம் காகிதத்தில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தார்.

"ஒரு வாரமாவே டெஸ்ட்டு கொஞ்சங்கொஞ்சமா கொறைஞ்சு, இன்னிக்கு ஓடவே இல்லை பெருசு. எங்கயோ நின்னு போயிருக்கு. எப்படி நின்னுதுன்னு எனக்குத் தெரியலை."

"அப்ப எதை வெச்சு ஓடிச்சு?"

"அண்ணனை வெச்சு." ஷாகுல் அமலதாஸைக் காட்டினார். "ஆறு மணிக்கு ஊசி. ஏழே காலுக்கு டீ. அப்ப பிரஷர் கொஞ்சம் ஏறுது. எட்டரைக்குக் காலு இழுக்குதுன்னு திரும்பிப் படுக்கறாரு. ஒம்பது மணிக்குத் தூங்கறாரு, பிரஷர் இறங்குது. மெஷின் அதுக்கேத்த மாதிரி எழுதுது. வாரத்துல மூணு நாள், ஒண்ணு கூடத் தப்பலை. ரேமு அந்த வரிசையைப் படிச்சிடுச்சு. அடுத்து இவரு இன்னா பண்ணுவாருன்னு தெரிஞ்சு, நல்ல அறையை முன்னாடியே கொண்டு வந்து வெக்குது."

"இது இப்ப என்னைத்தான் படிக்குதா?" என்றார் அமலதாஸ். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"ஒம்பது மணிக்கு இவரு தூங்கலைன்னா?" என்று கன்னியப்பன் கேட்டார்.

ஷாகுல் காகிதங்களை மடித்தார்.

"சொல்லு பாய்."

"அது வேற எடத்துல மூட்டையை எறக்கி வெச்சிருக்கும். மெஷின் காலி கடையில போய் நிக்கும். மூணரை லிட்டரும் எடுக்கலாம், அரை லிட்டரும் எடுக்கலாம்."

"அப்ப மறுபடி டெஸ்ட்டைப் போடு. ஏழு மணி நேரம் ஆவட்டும்" என்றார் கன்னியப்பன். "இந்தத் திருட்டுக் கழுதையை நம்பி ஆளை விடறதா?"

"போடக் கூடாது" என்றாள் ரெஜினா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"லேட்டா வர்றேன்னு வெள்ளிக்கிழமை கம்பெனியில எழுதிக் குடுத்துட்டாங்க. இன்னும் ஒரு தபா லேட்டானா நிறுத்திருவாங்க. நிறுத்திட்டா இந்த மெஷினுக்கு மருந்துத் தண்ணி எவன் வாங்குவான், நீங்க வாங்குவீங்களா? நாலு மணி நேரம்தான். நான் பார்த்துக்கறேன்."

"எதைம்மா பார்த்துக்குவே? மனுஷன் உடம்பு கடிகாரமா?"

"ஆக்கிடறேன்" என்றாள்.

அமலதாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார். கன்னியப்பன் கத்திப் பார்த்தார், ஷாகுலைத் திட்டினார், அந்தக் கூடங்களைத் திட்டினார். முடிவில் அந்த வீட்டுச் சங்கதியில் தனக்கு ஒரு வாக்கும் இல்லை என்று தெரிந்து படியிறங்கினார். வேறு நல்ல ரேம் ஒன்று கையில் இருந்தால் பேசலாம். இல்லை.

அடுத்த தடவை ஆறு மணிக்கே போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். ஏழே காலுக்கு டீ வந்தது. அமலதாஸ், எதிர்வீட்டில் பொங்கல் வாசனை வருகிறது, இன்றைக்கு டீக்குப் பதில் ஒரு வாய் பொங்கல் தா என்றார். ரெஜினா டீயை நீட்டினாள். குடித்தார். எட்டரைக்குக் கால் இழுக்கவில்லை என்றார். ஆனாலும் திரும்பிப் படுத்தார்.

கீழே தெருவில் கிரிக்கெட் ஆடுகிற சத்தம் கேட்டது. அமலதாஸ் அதைக் காதுகொடுத்துக் கேட்டார். தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார். முகம் தெளிவாய் இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு உடம்பு லேசாக இருக்கிறது என்று கன்னியப்பனிடம் சொல்லி, அவர் துறைமுகப் பக்கம் போனதுண்டா என்று ஏதோ கேட்க ஆரம்பித்தார்.

ரெஜினா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஒம்பது ஆவுது. கண்ணை மூடுங்க."

"தூக்கம் வரலை ரெஜி."

"கண்ணை மூடுங்க."

அமலதாஸ் கன்னியப்பனை ஒரு தடவை பார்த்தார். பிறகு பாதிப் பேச்சில் வாயை மூடி, கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, தூங்குகிறவன் மாதிரி மெள்ள மூச்சு விட ஆரம்பித்தார்.